இன்ஜின் வழியே வந்த மூச்சு

35,000 அடி உயரத்தில் வெளியே இருக்கும் காற்றைச் சுவாசித்து மனிதனால் உயிர்வாழ முடியாது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கால்பங்குக்கும் குறைவு. குளிர் உறைநிலைக்குக் கீழே 50 டிகிரியைத் தாண்டும். முகமூடி இல்லாமல் அந்தக் காற்றில் ஒருவரை விட்டால் ஒரு நிமிடத்துக்குள் நினைவு தடுமாறிவிடும். அதே உயரத்தில், அலுமினியத் தகடு ஒன்றின் மறுபக்கத்தில், 180 பேர் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், குழந்தைக்குப் பால் கொடுக்கிறார்கள். அவர்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சையும் யாரோ தயாரித்து உள்ளே அனுப்பியாக வேண்டும்.

இன்று பறக்கும் பெரும்பாலான ஜெட் விமானங்களில் அந்த மூச்சு இறக்கைக்குக் கீழே தொங்கும் இன்ஜினுக்குள்ளிருந்து வருகிறது. இன்ஜினின் முன்பகுதியில் சுழலும் கம்ப்ரஸர் வெளிக்காற்றை அடுக்கடுக்காக நெருக்கும். எரிபொருள் கலப்பதற்கு முன்பே அதில் ஒரு பங்கைக் குழாய் வைத்துப் பிரித்தெடுப்பார்கள். நெருக்கப்பட்டதால் அது 200 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும். அதைக் குளிர்வித்து, கேபினில் ஏற்கெனவே சுழலும் காற்றோடு ஏறக்குறையப் பாதிக்குப் பாதி கலந்து, தலைக்கு மேலுள்ள துவாரங்கள் வழியே விடுவார்கள். விமானத் தொழிலில் இதற்கு 'பிளீட் ஏர்' என்று பெயர். சுழலும் காற்றைச் சலிக்கும் ஹெப்பா ஃபில்டர் கிருமிகளையும் தூசியையும் பிடிக்கும். இன்ஜினிலிருந்து நேராக வரும் காற்றில் எண்ணெய் ஆவி கலந்திருந்தால் அதைப் பிடிக்க வழியில் எதுவும் இல்லை.

இப்படித்தான் செய்தாக வேண்டும் என்று எந்த இயற்கை விதியும் சொல்லவில்லை. வேறு வழி முதலிலேயே இருந்தது, நன்றாகவே வேலை செய்தது. தெரிந்துதான் அதைக் கைவிட்டார்கள். அது எப்படி நடந்தது என்பதே இந்தக் கதை.

முதலில் உயரம் வேண்டியிருந்தது. 1930களின் பயணி விமானங்கள் மேகத்துக்குள்ளேயே குலுங்கிக்கொண்டு பறந்தன. மேகத்துக்கு மேலே போனால் பயணம் அமைதியாக இருக்கும், வேகமும் கூடும். ஆனால் பயணிக்கு மூச்சு முட்டும். அமெரிக்க ராணுவத்துக்காக லாக்ஹீட் நிறுவனம் 1937இல் எக்ஸ்சி-35 என்ற சோதனை விமானத்தைக் கட்டியது. உடற்பகுதியை இறுக்கமாக மூடி, உள்ளே காற்றை அழுத்தி நிரப்பிப் பறக்கலாம் என்பதை அது காட்டியது. அந்த ஆண்டின் கோலியர் விருது அதற்கே கிடைத்தது. அடுத்து வந்தது போயிங் 307 ஸ்ட்ராடோலைனர். 1938 டிசம்பர் 31 அன்று முதன்முதலாகப் பறந்தது, 1940இல் பயணிகளை ஏற்றிக்கொண்டது. 33 பேர் அமர்ந்தார்கள். வெளியே 14,700 அடி உயரம் என்றால் உள்ளே 8,000 அடி மலைமேல் இருப்பது போன்ற அழுத்தம். அந்த 8,000 என்ற எண்தான் இன்றைய விதிகளிலும் எல்லை. ஸ்ட்ராடோலைனரில் கேபினுக்கென்றே தனிக் காற்றழுத்தி இருந்தது. அது பிஸ்டன் இன்ஜின் விமானம், கேபினுக்குக் காற்றை நெருக்கித் தர வேறொரு கருவி வேண்டியிருந்தது.

ஜெட் இன்ஜின் வந்ததும் நிலைமை மாறியது. ஜெட்டின் முன்பாதி முழுவதுமே காற்றை நெருக்கும் இயந்திரம்தான். விமானத்தைத் தள்ளுவதற்காக விநாடிக்குக் கிலோ கிலோவாகக் காற்றை அது நெருக்கிக்கொண்டிருக்கிறது, அதில் சிறு பங்கை எடுத்தால் குறைந்தா போய்விடும்? போர்விமானத்தில் ஒரே ஒரு விமானி, சிறிய அறை, ஒவ்வொரு கிலோ எடைக்கும் கணக்கு. தனிக் கம்ப்ரஸர் வைப்பதைவிட ஒரு குழாயை இழுத்துவிடுவது எளிது. போர்விமானங்கள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டன.

காற்றின் கதை இதுவரை. கூடவே எண்ணெயின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரச்சினை அங்கேதான் பிறந்தது.

இன்ஜினின் நடுத்தண்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும். அதைத் தாங்கும் பேரிங்குகள் எண்ணெயில் குளித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் சாதாரண எண்ணெய் அந்த வேலைக்குத் தாங்கவில்லை. உயரத்தின் குளிரில் கெட்டியானது, இன்ஜினின் சூட்டில் கருகிப் படிந்தது. ஆகவே ஆய்வகத்தில் எஸ்டர் வகை எண்ணெய்களைச் செய்தார்கள். 1951இல் அமெரிக்க ராணுவம் எம்ஐஎல்-எல்-7808 என்ற தரநிர்ணயத்தை வெளியிட்டது, ஜெட்டுகளின் முதல் தலைமுறைச் செயற்கை எண்ணெய் அந்தக் குடும்பம்தான். குளிரையும் சூட்டையும் அது தாங்கியது. ஆனால் உலோகத்தோடு உலோகம் உரசும் இடத்தில் தேய்மானத்தைத் தடுக்க இன்னொன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கு அகப்பட்டது ட்ரைகிரெசில் பாஸ்பேட், சுருக்கமாக டி.சி.பி. மலிவானது, சூட்டில் எளிதில் தீப்பிடிக்காது, பேரிங்கின் மேல் மெல்லிய காப்புப் படலமாக உட்கார்ந்துகொள்ளும். எண்ணெயில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குச் சேர்த்தார்கள். இன்றும் பெரும்பாலான ஜெட் எண்ணெய்களில் அது இருக்கிறது.

டி.சி.பி. ஜெட் இன்ஜினுக்குள் நுழையும்போது உலகத்துக்குப் புதிய முகமாக வரவில்லை, அதன் பெயரில் ஏற்கெனவே பெரிய வழக்கு இருந்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்த காலத்தில் இஞ்சிச் சாற்றை மருந்து என்ற பெயரில் ஏழைகள் வாங்கிக் குடித்தார்கள், அதில் சாராயம் இருந்தது. அரசின் சோதனையில் தேறுவதற்காக 1930இல் உற்பத்தியாளர்கள் அதில் மணமும் சுவையும் இல்லாத ஒரு வேதிப்பொருளைக் கலந்தார்கள். டி.சி.பி.யின் ஆர்த்தோ வகை அது. குடித்து ஒன்றிரண்டு வாரம் எதுவும் தெரியவில்லை. பிறகு கெண்டைக்கால் வலித்தது, பாதம் தொய்ந்து தொங்கியது, நடந்தால் தரையில் அறைந்தது. பல்லாயிரம் பேர் முடமானார்கள், சில கணக்குகள் 50,000 வரை போகின்றன. தேசிய சுகாதாரக் கழகத்தின் மாரிஸ் ஸ்மித்தும் எலியாஸ் எல்வோவும் குற்றவாளி எந்தப் பொருள் என்பதைக் கண்டுபிடித்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 1940இல், இயந்திரத் துப்பாக்கிக்கான எண்ணெயில் தவறுதலாகப் பலகாரம் பொரித்துச் சாப்பிட்ட சுவிட்சர்லாந்துப் படைவீரர்கள் சுமார் 80 பேருக்கு இதே கதி. நரம்பைத் தாக்கும் நஞ்சு இது என்பது ஜெட் எண்ணெய் பிறப்பதற்கு முன்பே மருத்துவ நூல்களில் எழுதப்பட்டுவிட்டது.

அப்படியானால் அந்த எண்ணெய் சுழலும் இயந்திரத்திலிருந்தே சுவாசக் காற்றையும் எடுப்பது சரியா என்று யாருமே கேட்கவில்லையா? கேட்டார்கள். 1950களின் நடுவிலேயே கேட்டார்கள்.

ஆர்பி-57ஏ என்ற உளவு விமானங்களின் விமானிகள் அறைக்குள் புகையும் நாற்றமும் வருகிறதென்று புகார் சொன்னார்கள். மேரிலாந்திலிருந்த ராணுவ வேதியியல் மையத்தில் லூமிஸ், க்ராப் என்ற இருவர் அதை ஆராய்ந்து 1955இல் அறிக்கை தந்தார்கள். இன்ஜின் எண்ணெய் சூட்டில் சிதைந்து காற்றில் கலப்பதே அவர்களின் ஆராய்ச்சிப் பொருள். அதே ஆண்டில் நார்த் அமெரிக்கன் நிறுவனத்தின் ரெட்டால், இன்ஜின் காற்றிலிருந்து மாசை ஒழிப்பது எப்படி என்று வாகனப் பொறியாளர் சங்கத்துக்குக் கட்டுரையே எழுதினார். சேபர் போர்விமானத்தைக் கட்டிய நிறுவனம் அது. 1956இல் விமான மருத்துவ இதழில் கிட்சஸ் என்பவர் ஜெட்டுகளின் கேபின் மாசு பற்றி எழுதினார். இவர்கள் யாரும் கலகக்காரர்கள் இல்லை. ராணுவத்திலும் தொழிலிலும் உள்ளே இருந்தவர்கள், தங்கள் துறை இதழ்களில் நிதானமாக எழுதி வைத்தவர்கள். பின்னாளில் 'இது எதிர்பாராத சிக்கல்' என்று சொல்லப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்று காகிதங்களும்தான் நினைவுக்கு வருகின்றன.

அந்த எழுத்துகள் வெளிவந்த காலத்தில் கட்டப்பட்ட பயணி ஜெட்டுகளைப் பாருங்கள். 1958 அக்டோபரில் பான் ஆம் ஓட்டத் தொடங்கிய போயிங் 707, 1959 செப்டம்பரில் சேவைக்கு வந்த டக்ளஸ் டிசி-8, இரண்டிலுமே கேபின் காற்று இன்ஜினிலிருந்து நேராக வரவில்லை. இன்ஜினின் நெருக்கிய காற்று ஒரு சிறு டர்பைனைச் சுற்றும். அந்த டர்பைன் தனிக் கம்ப்ரஸரைச் சுற்றும். அந்தக் கம்ப்ரஸர் வெளியிலிருந்து புதுக் காற்றை இழுத்துக் கேபினுக்கு அனுப்பும். 707இன் படங்களைப் பார்த்தால் இன்ஜின்களுக்கு மேலே முண்டுபோல் சிறு காற்றுவாய் தெரியும். டிசி-8க்கு அது மூக்குக்குக் கீழே இருந்தது. 1960இல் ஏர் இந்தியா வாங்கிய 707களும் இந்த வகைதான். அந்தக் கம்ப்ரஸர்கள் கனமானவை, பராமரிப்புச் செலவு அதிகம், அவற்றிலும் பழுது வரும். ஆனாலும் இன்ஜினின் எண்ணெய் ஒரு பக்கம், மனிதர்களின் மூச்சு மறுபக்கம் என்ற பிரிவினை அங்கே இருந்தது.

டிசி-8 தன் முதல் பயணிகளை ஏற்றிய அதே 1959 செப்டம்பரில், மொராக்கோவின் மெக்னெஸ் நகரில் மக்கள் திடீரென்று நடக்க முடியாமல் விழத் தொடங்கினார்கள்.

கெண்டைக்கால் வலி, பிறகு பாதம் தளர்வு, பிறகு கை. ஒரு வீட்டில் எல்லோருக்கும், அடுத்த வீட்டில் யாருக்கும் இல்லை. முதலில் தொற்றுநோய் என்றே அஞ்சினார்கள். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஹானர் ஸ்மித், ஸ்பால்டிங் என்ற இரு மருத்துவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். நோயாளிகள் பெரும்பாலும் ஏழைகள். சந்தையில் மலிவாகக் கிடைத்த கருநிறச் சமையல் எண்ணெயை வாங்கியவர்கள். காசாபிளாங்காவுக்கு அருகே நுவாசெர் என்ற இடத்தில் அமெரிக்க விமானப்படைத் தளம் இருந்தது. அங்கே உபரியாக விற்கப்பட்ட ஜெட் இன்ஜின் எண்ணெயை வணிகர்கள் சமையல் எண்ணெயோடு கலந்து விற்றிருந்தார்கள். ஏறக்குறைய 10,000 பேர் வாத நோயில் விழுந்தார்கள். உலகச் செஞ்சிலுவை அமைப்பு மறுவாழ்வு மையங்களை நடத்த வேண்டியிருந்தது. பலர் மெல்லத் தேறினார்கள், பலருக்குக் கடைசிவரை கால் முழுதாகத் திரும்பவில்லை. அந்த எண்ணெயை இன்ஜினுக்காகச் செய்தவர்கள் யாரும் அதை மனிதர்கள் சாப்பிடுவார்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தத் திரவத்துக்குள் என்ன இருக்கிறது என்பதில் 1959க்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இருந்திருக்க முடியாது.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். மெக்னெஸில் மக்கள் அந்த எண்ணெயை நாள்கணக்கில் உணவாகவே தின்றார்கள். விமானத்தில் வருவது மில்லிகிராமிலும் சிறு பங்கு, அதுவும் காற்றில். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது தவறு. பின்னர் எண்ணெய் நிறுவனங்கள் மிகக் கொடிய ஆர்த்தோ வகையைப் பெருமளவு குறைத்தும்விட்டன. ஆனால் ஜெர்மானிய ஆய்வாளர் ஹென்ஷ்லர் 1958இலேயே இன்னொன்றைக் காட்டியிருந்தார்: டி.சி.பி. என்பது பல வகைகளின் கலவை, பலரும் அஞ்சிய மூவார்த்தோ வகையைவிட ஓரார்த்தோ வகை பத்து மடங்கும் ஈரார்த்தோ வகை ஐந்து மடங்கும் நச்சு மிக்கவை. ஒன்றை மட்டும் அளந்து 'இல்லை' என்று சொன்னால் மற்ற இரண்டும் கணக்கில் வராமல் போகும்.

1963 பிப்ரவரியில் போயிங்கின் அடுத்த பெரிய படைப்பான 727 பறந்தது. குறுகிய ஓடுபாதைகளில் இறங்க வேண்டிய விமானம், எடை முக்கியம். அதில் தனிக் கம்ப்ரஸர்கள் இல்லை. கேபின் காற்று நேராக இன்ஜினிலிருந்து எடுக்கப்பட்டது. 1965இல் டிசி-9, அடுத்து 737, 747, பிறகு ஏர்பஸ் குடும்பம் முழுவதும், எல்லாமே அந்த வழியில் போயின. 727 பிறந்த அதே 1963இல்தான் இரண்டாம் தலைமுறை ஜெட் எண்ணெய்க்கான எம்ஐஎல்-எல்-23699 தரநிர்ணயமும் வந்தது. எண்ணெய் முன்னேறியது, டி.சி.பி. அதிலேயே தங்கியது. காற்றும் எண்ணெயும் போயிங்கின் பயணி ஜெட்டுகளில் ஒரே கூரையின் கீழ் குடியேறிய ஆண்டு என்று 1963ஐச் சொல்லலாம். எடை குறைந்தது, பாகங்கள் குறைந்தன, பராமரிப்பு குறைந்தது. அந்த லாபம் உண்மையானது, டிக்கெட் விலையில் அது நம் எல்லோருக்கும் வந்து சேர்ந்தது. விலையின் மறுபாதியை யார் கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் எவரும் எழுதி வைக்கவில்லை.

எண்ணெய் ஏன் கசிகிறது? பேரிங்கை விட்டு எண்ணெய் வெளியேறாமல் அடைக்கும் ஸீல் கெட்டுப்போனால் கசியும், அது பழுது, யாருக்கும் புரியும். கெடாத ஸீலிலும் கொஞ்சம் கசியும் என்பதுதான் வெளியே அதிகம் பேசப்படாத செய்தி. இவ்வளவு வேகமாகச் சுழலும் தண்டைச் சுற்றி எதையும் இறுக்கமாக ஒட்டி அடைக்க முடியாது. ஆகவே மெல்லிய இடைவெளி விட்டு, அதற்குள் கம்ப்ரஸர் காற்றையே அழுத்தமாகச் செலுத்தி, எண்ணெயை உள்பக்கமாகத் தள்ளி நிறுத்துகிறார்கள். இன்ஜின் முழு வேகத்தில் இருக்கும்போது அந்தத் தள்ளல் பலமாக இருக்கும். இன்ஜினைக் கிளப்பும்போதும், மேலே போய் வேகத்தைக் குறைக்கும்போதும், இறங்கத் தொடங்கும்போதும் அழுத்தங்கள் இடம் மாறும், அந்த விநாடிகளில் எண்ணெய் நழுவும். விமானப் பணியாளர்கள் சொல்லும் அந்த 'அழுக்குச் சாக்ஸ்' நாற்றம் ஏறுமுகத்திலும் இறங்குமுகத்திலும் அதிகம் வருவதற்குக் காரணம் இதுதான். ஆக, கசிவு என்பது இந்த ஏற்பாட்டுக்கு வந்த நோய் என்பதைவிட அதன் உடல்வாகு என்று சொல்வதே பொருத்தம். 1963இன் முடிவு எங்கே தவறியது என்பதும் இங்கேதான் இருக்கிறது.

அதன்பின் நீண்ட மௌனம். 1977இல் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு தனிமனிதரின் கதை வந்தது. சி-130 ஹெர்குலிஸ் விமானத்தின் பணிக்குழுவைச் சேர்ந்த, நல்ல உடல்நிலையில் இருந்த ஒருவர், இன்ஜின் எண்ணெய் ஆவியைச் சுவாசித்து, பறந்துகொண்டிருக்கும்போதே நரம்புத் தடுமாற்றத்துக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் ஆளாகிச் செயலிழந்தார். மோன்ட்கோமரியும் உடன் ஆய்வாளர்களும் அதைப் பதிவுசெய்தார்கள். அதே 1977-78 காலத்தில், விமானத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், இலங்கைத் தமிழ்ச் சிறுமிகள் 20 பேர் அளவில் கை கால் தளர்ந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். எல்லோரும் அப்போதுதான் பூப்பெய்தியவர்கள். நம் வழக்கப்படி உடல் தேற அவர்களுக்கு நல்லெண்ணெய் கொடுத்திருந்தார்கள், அதற்கென்றே தனியாக ஆட்டிய எண்ணெய். அந்த எண்ணெயில் டி.சி.பி. இருந்தது. முன்பு இயந்திர எண்ணெய் வைத்திருந்த கலங்களில் ஏற்றி வந்தபோது கலந்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சேனாநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981இல் லான்செட் இதழில் எழுதினார்கள். பெற்ற தாய் அன்போடு ஊட்டிய எண்ணெய் பிள்ளையின் நரம்பைத் தொட்டது. 1988இல் கல்கத்தாவின் பெஹாலாவில் சமையல் எண்ணெய்க் கலப்படத்தால் நூற்றுக்கணக்கானோர் முடமானதற்கும் இதே பொருள்தான் காரணம். உணவில் இது தெரிந்த இடத்திலெல்லாம் உலகம் பதறி எழுந்தது. காற்றில் தெரிந்தபோது அந்தப் பதற்றம் வரவில்லை.

வாய் திறந்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். 1981இல் பிறந்த பிஏஇ 146 என்ற நான்கு இன்ஜின் சிறு விமானம் அங்கே பல நிறுவனங்களில் ஓடியது. அதன் பணிப்பெண்களும் விமானிகளும் தலைவலி, குமட்டல், கண்ணெரிச்சல், மறதி, சொல் தடுமாற்றம் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினார்கள். ஐரோப்பாவிலும் அதே வகை விமானத்தில் 1999 நவம்பர் 12 அன்று ஒரு சம்பவம் நடந்தது. ஸ்டாக்ஹோமிலிருந்து மால்மோ போய்க்கொண்டிருந்த விமானத்தில் பணிப்பெண்களுக்கும் இரு விமானிகளுக்கும் ஒரே நேரத்தில் தலை கிறுகிறுத்தது. ஆக்ஸிஜன் முகமூடி போட்டுக்கொண்டுதான் கேப்டன் விமானத்தை இறக்கினார். மாசுபட்ட கேபின் காற்று காரணமாக இருக்கக்கூடும் என்று சுவீடனின் விபத்து விசாரணை அமைப்பு எழுதியது. ஓட்டுகிற இருவரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். ஒருவருக்கு முடியாவிட்டால் மற்றவர் ஓட்டுவார் என்ற விமானப் பாதுகாப்பின் அடிப்படையே அந்த இடத்தில் ஆட்டம் கண்டுவிடுகிறது. ஆஸ்திரேலிய நாடாளுமன்ற மேலவையின் குழு விசாரித்து 2000 அக்டோபரில் தந்த அறிக்கைதான் இந்த விவகாரத்தை முதன்முதலாக மக்கள் மன்றத்துக்குக் கொண்டுவந்தது.

நீதிமன்றத்துக்கும் போனது. 1992 மார்ச்சில் பிஏஇ 146 ஒன்று பிரிஸ்பேனில் இறங்கும்போது கேபினில் புகை சூழ்ந்தது. அதில் பணியிலிருந்த பணிப்பெண்ணுக்கு அன்றிலிருந்து தீராத இருமல். ஈஸ்ட்-வெஸ்ட் நிறுவனத்தின் மீது அவர் தொடுத்த வழக்கு நியூ சவுத் வேல்ஸின் தூசுநோய்த் தீர்ப்பாயத்தில் 2009இல் அவர் பக்கம் தீர்ந்தது. மேல்முறையீட்டை 2010இல் நாட்டின் உச்சநிலை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. இழப்பீடு சுமார் 1.38 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். சூட்டில் சிதைந்த எண்ணெய்ப் புகை நுரையீரலைக் கெடுத்தது என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. 18 ஆண்டுகள் இருமிக்கொண்டே ஒரு பெண் அதை நிரூபிக்க வேண்டியிருந்தது.

நரம்பு பாதிப்பு பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. 1999இல் ஆஸ்திரேலியாவின் வின்டர், பிரான்ஸின் பலூவே, அமெரிக்காவின் ஹாஃப்மன் ஆகிய மூவரும் இந்த நோய்க்குறிகளின் தொகுப்புக்கு 'ஏரோடாக்ஸிக் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்கள். மருத்துவ உலகம் அதைத் தனி நோயாக இன்னும் முறைப்படி ஏற்கவில்லை. மறுபக்கத்தின் ஆதாரங்களும் எளிதாகத் தள்ளக்கூடியவை இல்லை. பிரிட்டனில் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் 100 பயணங்களில் காற்றை அளந்து 2011இல் வெளியிட்டது. அளவுகள் உடல்நல வரம்புகளுக்குள்ளேயே இருந்தன. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமைக்காக 69 பயணங்களில் எடுத்த அளவுகளும், 2017இல் வெளிவந்தபோது, கேபின் காற்று அலுவலகக் காற்றைவிட மோசமில்லை என்றே காட்டின. இந்த எண்களை நான் நம்புகிறேன். ஆனால் அவை அளந்தது சாதாரண நாட்களை. கிரான்ஃபீல்டின் அந்த 100 பயணங்களில் முறைப்படி புகார் எழுத வேண்டிய அளவுக்கு ஒரு கசிவுகூட நிகழவில்லை. மழை பெய்யாத நாளில் கூரையைச் சோதித்து ஒழுகவில்லை என்று எழுதுவதை வீட்டுக்காரர் எப்படி ஏற்பார்?

புகை வரும் நாட்கள் எத்தனை என்பதிலும் இரண்டு கணக்குகள். பிரிட்டனின் நச்சியல் குழு 2007இல் தந்த மதிப்பீட்டில், விமானிகள் சொல்வதை வைத்தால் நூறு பயணத்துக்கு ஒன்று. பொறியாளர்கள் சோதித்து உறுதிசெய்ததை வைத்தால் இரண்டாயிரத்துக்கு ஒன்று. இருபது மடங்கு வித்தியாசம். மேலே நாற்றம் வீசியபோது இருந்த காற்று, தரையிறங்கிக் கதவு திறந்து பொறியாளர் ஏறும்போது அங்கே இருப்பதில்லை. அந்த நேரத்தில் அளந்து வைக்க விமானத்தில் கருவியும் இல்லை.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். விமானத்தில் எரிபொருளுக்கு அளவி உண்டு, எண்ணெய் அழுத்தத்துக்கு அளவி உண்டு, சரக்கறையிலும் கழிவறையிலும் புகை உணர்வி உண்டு. கேபின் காற்றில் தீங்கான வாயுவோ ஆவியோ இருக்கக்கூடாது என்று அமெரிக்க விதி 25.831 தெளிவாகச் சொல்கிறது. கார்பன் மோனாக்ஸைடு 20,000 பங்கில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்றும் சொல்கிறது. விமானத்தை வடிவமைத்துச் சான்று வாங்கும்போது அதைக் காட்டினால் போதும். பிறகு 25 ஆண்டுகள் பறக்கும்போது காற்றை அளக்கும் ஒரே கருவி பணியாளரின் மூக்குதான். மூக்கு கொஞ்ச நேரத்தில் பழகிவிடும், கார்பன் மோனாக்ஸைடு அதற்குத் தெரியவே தெரியாது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை பறக்கும் பயணிக்கு ஆபத்து குறைவு, அவர் பயந்து பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஐரோப்பிய விதி ஒரு விமானிக்கு ஆண்டுக்கு 900 மணி நேரம் வரை பறக்க இடம் கொடுக்கிறது. பணிப்பெண்ணுக்கும் அதே அளவு உழைப்புதான். அவர்களுக்கு இது பணியிடம். ஆலைத் தொழிலாளி மூச்சில் என்ன போகிறது என்று அளக்கச் சொல்லும் உலகம், இவர்களுக்கும் அதைச் செய்தாக வேண்டும்.

கைவிட்ட வழி ஒருநாள் திரும்பி வந்தது. 2009 டிசம்பர் 15 அன்று முதன்முதலாகப் பறந்து, 2011 அக்டோபரில் ஜப்பானின் ஏஎன்ஏ நிறுவனத்தில் பயணிகளை ஏற்றிய போயிங் 787இல், கேபின் காற்று இன்ஜினைத் தொடுவதே இல்லை. வயிற்றுப்பகுதியில் இருக்கும் தனித் துளைகள் வழியே மின்சாரக் கம்ப்ரஸர்கள் வெளிக்காற்றை இழுக்கின்றன. இன்ஜின் காற்று அதன் முன்வாயில் பனி படியாமல் காக்க மட்டும் பயன்படுகிறது. கேபினுக்குள் உணரும் உயரமும் 8,000 அடியிலிருந்து 6,000 அடிக்கு இறங்கியது. 2012இலிருந்து ஏர் இந்தியாவிடமும் இந்த விமானம் இருக்கிறது. போயிங் இதைச் செய்ததற்குச் சொன்ன முக்கியக் காரணம் எரிபொருள் சிக்கனம், பயணியின் நுரையீரல் அல்ல. 1963இல் எடையும் செலவும் காரணமாகப் போன வழிக்கு, செலவே காரணமாக அரை நூற்றாண்டு கழித்து மாற்று வந்தது. 787இலும் சில பயணங்களில் டி.சி.பி.யின் சுவடு அளவிடப்பட்டது உண்டு, விமான நிலையத்தில் பக்கத்து விமானங்கள் விடும் புகையும் அதன் வாய்க்குள் போகத்தானே செய்யும். ஆனால் அதன் சொந்த இன்ஜினின் ஸீல் நழுவினால் அந்த எண்ணெய் கேபினுக்கு வரப் பாதையே இல்லை.

787க்குப் பிறகு மற்ற விமானங்கள் அந்த வழியில் போகவில்லை. 2013இல் பறந்த ஏர்பஸ் ஏ350, 2014இன் ஏ320நியோ, 2016இன் 737 மேக்ஸ், எல்லாம் இன்ஜின் காற்றுதான். 2017இல் ஈசிஜெட் நிறுவனம் காற்றுக்குழாயில் ஆவியையும் பிடிக்கும் ஃபில்டர்களைச் சோதிக்கப்போவதாக பால் ஏரோஸ்பேஸுடன் சேர்ந்து அறிவித்தது. அத்தகைய ஃபில்டரும் உணர்வியும் புதிய தொழில்நுட்பம் எதையும் கோருபவை இல்லை, அவற்றைக் கட்டாயமாக்கும் விதிதான் இன்னும் எழுதப்படவில்லை. 2023 ஜூனில் இண்டிகோ ஒரே ஆணையில் 500 ஏ320 குடும்ப விமானங்களைக் கேட்டது. ஒவ்வொன்றும் கால்நூற்றாண்டு பறக்கும். அவற்றில் வேலைக்குச் சேரப்போகும் பணிப்பெண்களில் பலர் இப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த விமானங்கள் ஆலையிலிருந்து வெளிவருவதற்கு முன் ஓர் உணர்வியைப் பொருத்தச் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது.